வெர்னா பாலிக் நல்ல வார்த்தை சொன்ன வெள்ளிக்கிழமை

போர்ட் கிளாரன்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வெர்னா பாலிக்குக்கு, வாயில் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் அரம் இருந்தது. இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. சொன்ன பிறகு அவர்கள் எந்த லட்சணத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு கதை.

அவளுடைய பேருந்தில் பின்சீட்டுப் பிள்ளைகள் ரகளை செய்தால் அவள் கத்த மாட்டாள். தலைமையாசிரியரிடம் போய் நிற்கவும் மாட்டாள். குற்றவாளியை முன்சீட்டுக்கு வரவழைத்து, மியூல்ஸ் அணியில் பந்தைத் தடுக்க நிற்கிற ஷார்ட்ஸ்டாப் ஏன் மனிதப் பிறவியிலேயே சேர்த்தி இல்லை என்று பள்ளிக்கூட வாசல்வரை விளக்குவாள். இறங்கும்போது பிள்ளை திருந்தியிருக்கும். திருந்தாவிட்டால் மியூல்ஸ் ரசிகனாகியிருக்கும். அது ஆயுள் தண்டனை.

மியூல்ஸ் என்றால் கோவேறு கழுதைகள். ஒரு காலத்தில் இந்த ஊர்க் கால்வாயில் படகு இழுத்த பிராணிகள். ஊரின் பேஸ்பால் அணிக்கு அந்தப் பெயரை வைத்த மகராசன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வைத்தானோ, பார்க்காமலே வைத்தானோ, பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது. மியூல்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியபோது வெர்னா தன் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். "நான் வெளிய வந்தேன், அவனுங்க உள்ள போய்ப் படுத்துட்டானுங்க" என்பாள். ஊரே நீண்ட காது தைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போய், தோற்று, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

வருஷா வருஷம் தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று செயின்ட் லடிஸ்லாஸ் கோயிலின் அடித்தளக் கூடத்தில் மீன் வறுப்பார்கள். ஏரி மீன், கோஸ் சாலட், ஒரு துண்டு ரை தானிய ரொட்டி. ஆனால் கூட்டம் மீனுக்காக வருவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் வெர்னா ஒரு இரும்பு நாற்காலியின் மேல் ஏறி நின்று, வரப்போகிற சீசனுக்குப் பலன் சொல்வாள். பஞ்சாங்கத்தில் வருஷ பலன் போல. வித்தியாசம் ஒன்றுதான்: பஞ்சாங்கத்தில் எப்போதாவது நல்லது வரும்.

போன வருஷம் அவள் கேட்சரைப் பற்றிச் சொன்னது இன்னும் ஊரில் உலவுகிறது. "அவன் பக்கம் பந்த எறியறதுக்குச் சுவத்துல எறியலாம். சுவரு திருப்பியாச்சும் குடுக்கும்." ஃபர்ஸ்ட் பேஸ் என்கிற முதல் தளத்தில் நிற்பவனைப் பற்றி: "அவன் ஓடி முடிக்கறதுக்குள்ள புல்லு வளந்துடுது. பாவம், புல்லு வெட்டறவன் ரெண்டு தடவ வரவேண்டியிருக்கு." கூடம் மேஜையைத் தட்டிச் சிரிக்கும். பங்குச் சாமியாரும் ஓரமாக நின்று சிரித்துவிட்டு, பிறகு சிலுவை போட்டுக்கொள்வார்.

இது வெறும் வாய்க்கொழுப்பு என்று வெளியூர்க்காரன் நினைப்பான். இல்லை. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிற மாதிரிதான் இதுவும். சீசன் தொடங்கும் முன் அணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும். ஒருமுறை பிரதான வீதியில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஒரு புதுப்பணக்காரன், கண்ணாடி ஜன்னலில் "இது நம்ம வருஷம்!" என்று கிரீமால் எழுதிவைத்தான். அந்த வாரமே அணியில் உருப்படியாகப் பந்து எறிகிற ஒரே பிட்சர் தன் சொந்தக் கார்க் கதவில் தன் சொந்த விரலை நசுக்கிக்கொண்டான். அதன் பிறகு அந்தக் கடையில் ஒரு பன்கூட விற்கவில்லை. இப்போது அவன் வேறு மாநிலத்தில் இன்சூரன்ஸ் விற்கிறானாம். அங்கேயும் விளங்கியிருக்க மாட்டான்.

இனி ஸ்டான் பாலிக். வெர்னாவின் மாஜி கணவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆள் கரடி, குரல் கரடி, ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் முயல்: போக்குவரத்து நெரிசல் என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். எந்த ஆட்டமாக இருந்தாலும் எட்டாவது இன்னிங்ஸ் வந்தால் சாவியைக் கையில் எடுத்துவிடுவான். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தை ஒன்பதும் பார்த்த பாவம் அவனுக்குக் கிடையாது.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஸ்டேடியத்தில் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் வருஷம் முழுக்க உட்கார ஒரு ஜோடி சீட்டு எடுத்தார்கள். அவன் ஏழு, அவள் எட்டு. வருஷா வருஷம் புதுப்பித்தார்கள். ஒரு செப்டம்பரில் மியூல்ஸ் கனவு போல மேலே வந்துவிட்டது. கடைசி ஆட்டம், ஜெயித்தால் அடுத்த கட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன் பின்தங்கியிருந்தார்கள். ஸ்டான் சாவியை எடுத்தான். "இது ஆகாது, வா" என்றான். கார் அவனுடையது, அவளும் எழுந்தாள். கார் நிறுத்துமிடத்தில் வரிசையில் நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாற்பதாயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில் வெடித்தன. அப்புறம்தான் ரேடியோக்காரன் கத்தினான். பிறகு இன்னொரு வெடி. பிறகு இன்னொன்று. மியூல்ஸ் ஜெயித்ததை வெர்னா வைப்பர் ஓடுகிற கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

வீடு போகும்வரை அவள் பேசவில்லை. வெர்னா பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டான் அப்போதே ஒரு வக்கீலைத் தேடியிருக்க வேண்டும்.

கோர்ட்டில் வேறு காரணங்கள் சொன்னார்கள். அவையும் உண்மைதான். வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, பெரிய ஃப்ரீசர் அவளுக்கு, அதிலிருந்த மான் கறி அவனுக்கு. சீட்டை மட்டும் இருவருமே விடவில்லை. ஸ்டேடியத்து ஆபீஸ் அதை ஜோடியாகத்தான் தரும், பிரித்துத் தராது. ஆக, விவாகரத்துக்குப் பிறகும் கோடை முழுக்க இருவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் எதிரே வந்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சீட்டில் உட்கார்ந்துவிட்டால் முதல் பந்திலிருந்து வசவு. எட்டாவது இன்னிங்ஸில் அவன் எழுவான். "ஓடு, ஓடு. ரேடியோ உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்பாள். அவன் காதில் விழாத மாதிரி படியேறுவான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதே பூஜை.

அந்த வருஷம், பலன் சொல்லும் வெள்ளிக்கிழமை, கூடத்துச் சமையலறையில் வெர்னா எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை லோரெய்ன் மீனை ரொட்டித்தூளில் புரட்டியபடி, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"அக்கா, ஸ்டான் சீட்ட விடறானாம்."

"எந்த சீட்ட?"

"எந்த சீட்டுன்னா? அவன் என்ன சட்டசபைக்கா நிக்கிறான்? ஏழாம் நம்பர் சீட்டுதான். அரிசோனாவுக்குப் போறானாம், அவன் தம்பி வீட்டுக்கு. முட்டி போயிடுச்சாம், படி ஏற முடியலியாம். இங்க குளிர்ல நடுங்கிக்கிட்டு தோக்கறதப் பாக்கறதுக்கு, அங்க வெயில்ல கால நீட்டிக்கிட்டு ரேடியோல கேட்டுக்கறேன்னு சொல்றானாம்."

"போகட்டும். பீடை ஒழிஞ்சுது."

"திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து போடலைன்னா சீட்டு போயிடும்லக்கா? புதுப்பிக்காத சீட்டையெல்லாம் பேத்துட்டு சோபா போடறாங்களாம். கண்ணாடிக்குள்ள உக்காந்து ஒயின் குடிச்சிக்கிட்டே பாக்கறதுக்கு."

"ஒயினா? மியூல்ஸப் பாக்கறதுக்கா? மயக்க மருந்து குடுக்கச் சொல்லு."

"நான் என்ன சொல்றேன்னா, ரெண்டு சீட்டையும் நீயே எடுத்துக்க. நான் வந்து உக்காந்துக்கறேன்."

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள். "நீ மூணாவது இன்னிங்ஸ்ல பின்னல் ஊசிய எடுப்ப. போன தடவ எதிரணிக்காரன் ஹோம் ரன் அடிச்சதுக்குக் கை தட்டின."

"நல்லா அடிச்சான், அக்கா!"

"அதான் சொல்றேன். உன்ன எப்படித் திட்டறது? சுவத்துல மோதற மாதிரி. நீ சிரிப்ப."

லோரெய்ன் உண்மையிலேயே சிரித்தாள். வெர்னா சிரிக்கவில்லை. அவள் நறுக்கிய எலுமிச்சம்பழம் முன்னூறு பேருக்குப் போதுமானதாக இருந்தது. வந்திருந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. இருந்தாலும் இன்னொன்றை எடுத்து நறுக்கினாள்.

சமையலறைச் சாளரம் வழியாக வரிசை தெரிந்தது. ஸ்டான் தட்டோடு நின்றிருந்தான். தலையில் அதே பழைய காதுத் தொப்பி, ஒரு காது எப்போதோ அறுந்துபோனது. வரிசை நகர்ந்தபோது அவன் முதலில் மேஜையைப் பிடித்தான், அப்புறம் காலை எடுத்துவைத்தான். போன செப்டம்பரில் அவன் அப்படி நடக்கவில்லை. போகாதே என்று அவனிடம் போய்ச் சொல்ல வேறு யாராலாவது முடிந்திருக்கும். வெர்னாவுக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே கிடையாது. இருந்திருந்தால் கோர்ட்டிலேயே சொல்லியிருப்பாள்.

முடிவெட்டுக்கடை பட்ச் வாயில் மீனோடு கத்தினான்: "வெர்னாக்கா! பலன்! பசி தீந்துடுச்சு, வயிறெரியணும்!"

கூடம் மேஜையைத் தட்டியது. வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் ஏறினாள். அவள் பார்வை ஒரு சுற்றுச் சுற்றி, கடைசி மேஜையில், ஒற்றைக் காதுத் தொப்பியில் போய் நின்றது.

"இந்த வருஷம்," என்றாள். நிறுத்தினாள்.

"இந்த வருஷம் நம்ம பசங்க ஜெயிப்பாங்க."

யாரோ சிரித்தார்கள், நகைச்சுவைக்கு அச்சாரம் என்று நினைத்து. பிறகு அந்தச் சிரிப்பும் செத்தது.

"பிட்சிங்... நல்லாருக்கு." ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் சிக்கிய முள்ளை இழுத்து எடுக்கிற மாதிரி வந்தது. "கேட்சர் பந்தப் பிடிக்கிறான். நானே பாத்தேன். ஷார்ட்ஸ்டாப்... ஷார்ட்ஸ்டாப் நல்ல பையன்."

"அய்யோ அக்கா, இறங்கு!" லோரெய்ன் ஓடி வந்தாள், கையெல்லாம் மாவு.

"யாராச்சும் அவ வாயில ஒரு மீன வைங்கடா!" என்று பட்ச் அலறினான்.

"வெர்னா," என்றார் சாமியார், "தவக்காலத்துல பொய் சொல்லக் கூடாதும்மா."

"பொய்யில்ல ஃபாதர். ஏப்ரல்லயே மேல போயிடுவாங்க. ஜூலையில எவனும் கிட்ட வர முடியாது."

ஒரு ரொட்டித் துண்டு பறந்து வந்து அவள் தோளில் பட்டது. அடுத்து கோஸ் சாலட். பின்னாலிருந்து ஒரு பெண், "ரொட்டிக்கடைக்காரன் கதி ஞாபகமிருக்கட்டும்டி!" என்று கத்தினாள். வெர்னா சாலட்டைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். இப்போது குரலில் முள் இல்லை. பழைய அரம் திரும்பியிருந்தது.

"செப்டம்பர்ல ஊரே தெருவுல நின்னு ஆடும். ஏழாம் நம்பர் சீட்டு இருந்த இடத்துல சோபாவுல எவனாச்சும் ஒரு பல் டாக்டர் உக்காந்து ஒயின் குடிப்பான். ஸ்டான் பாலிக் எங்க இருப்பான் தெரியுமா? அரிசோனாவுல, கார் நிறுத்தற இடத்துல, ரேடியோல கேட்டுக்கிட்டிருப்பான். அவனுக்கு அதொண்ணும் புதுசில்ல."

நாற்காலி கீச்சிட்டது. ஸ்டான் எழுந்துவிட்டான். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மேஜை மேஜையாகப் பற்றி, கூடத்தின் நடுவுக்கு வந்தான். ஸ்டேடியத்துக்கு வெளியே அவன் அவளிடம் பேசி யாரும் பார்த்ததில்லை. பட்ச்கூட மெல்லுவதை நிறுத்தினான்.

"இறங்குடி கீழ."

"என்னது, சீட்டுல உக்காந்திருக்கற நெனப்பா? இது கோயில்."

"அணியக் கொன்னுட்ட. இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடல, அதுக்குள்ள குழி வெட்டிட்ட!"

"வெட்டினா உனக்கென்னய்யா? நீதான் மூட்ட கட்டியாச்சே."

"எனக்கென்னவா? இந்தச் சாபம் போகணும்னா எவனாச்சும் அங்க உக்காந்து முதல் பந்துலேர்ந்து திட்டித் தீக்கணும். நீ திட்டினா இனிமே பலிக்காது. உன் வாய் கெட்டுப்போச்சு."

"அப்ப அரிசோனாவுலேர்ந்து திட்டு. சத்தமா திட்டு, இங்க கேக்கும்."

ஸ்டானின் முகம் அவித்த பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. திரும்பி நடந்தான். பாதி தூரம் போய், திரும்பி வந்து, தன் தட்டிலிருந்த மீனை எடுத்துக்கொண்டு போனான்.

சமையலறையில் லோரெய்ன் அக்காவின் தலைமுடியிலிருந்து கோஸைப் பொறுக்கி எடுத்தாள். "வேணும்னேதான பண்ணின?"

"எண்ணெய் புகையுது பாரு."

"அக்கா."

"எண்ணெயப் பாருடின்னா!"

அந்த வார இறுதியில் ஊர் வெர்னாவை என்ன செய்யவில்லை என்று கேட்பதுதான் சுலபம். வீட்டு வாசல் மரத்தில் டாய்லெட் காகிதம் தோரணமாகத் தொங்கியது. கார்க் கண்ணாடியில் ஒரு வறுத்த மீன், வாயில் "இது நம்ம வருஷம்" என்று ஒரு சீட்டு. முடிவெட்டுக்கடைக் கதவில் அவள் படத்தை ஒட்டி, கீழே "உள்ளே அனுமதி இல்லை" என்று எழுதினார்கள். அவள் வாழ்நாளில் அந்தக் கடைக்குள் போனதில்லை என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை தென் மாநிலப் பயிற்சி முகாமிலிருந்து செய்தி வந்தது: அணியின் முதல் பிட்சர் ஹோட்டலில் தன் பெட்டியைத் தூக்கப் போய் இடுப்பைச் சுளுக்கிக்கொண்டான். கோயிலில் வெர்னாவின் பெஞ்சில் அவளைத் தவிர யாரும் உட்காரவில்லை. அவளுக்குக் காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது என்று லோரெய்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை பிற்பகல் பேருந்து நிறையப் பிள்ளைகளோடு ஸ்டேடியத்து முனை சிக்னலில் நின்றாள். தினமும் வருகிற வழி இல்லை அது. ஏன் இந்தப் பக்கம் என்று கேட்ட பிள்ளைக்கு, பாலம் உடைஞ்சுபோச்சு என்று சொல்லியிருந்தாள். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிக்கெட் ஆபீஸ் வாசலில், இரண்டு வண்டி நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு துருப்பிடித்த பிக்கப் வண்டி நின்றது. அப்படி நிறுத்துகிற மடையன் இந்த ஊரில் ஒருவன்தான்.

"வெர்னாம்மா, பச்ச விழுந்துடுச்சு!"

வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹார்ன்கள் கத்தின.

"வெர்னாம்மா, பச்ச!"

"எனக்குக் கண்ணு இருக்கு. வாய மூடிட்டு உக்காரு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மறுபடி சிவப்பு விழுந்துவிட்டது.

ஏப்ரலில் முதல் ஆட்டம். வானம் மழையா பனியா என்று முடிவு செய்யாமல் இரண்டையும் சேர்த்துக் கொட்டியது. வெர்னா போர்வையைச் சுற்றிக்கொண்டு எட்டில் உட்கார்ந்திருந்தாள். படியில் ஒவ்வொரு அடியாக ஏறி, ஒவ்வொரு அடிக்கும் யாரையோ திட்டிக்கொண்டு ஸ்டான் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து ஏழாம் நம்பரைத் துடைத்தான். பிறகு அவளை எழச் சொல்லி எட்டையும் துடைத்தான்.

"என் சீட்ட நீ எதுக்குத் தொடைக்கற?"

"ஈரத்துல நெளிஞ்சுக்கிட்டே இருப்ப. எனக்கு மறைக்கும்."

மியூல்ஸின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்சர் பிடிக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப் நல்ல பையனாக இருக்கலாம், ஆனால் பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போயிற்று. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொரு தப்புக்கும் திரும்பி வெர்னாவை முறைத்தார்கள். ஸ்டான் தொண்டை கிழியத் திட்டினான். அவன் மூச்சு வாங்கிய இடைவெளிகளில் அவள் திட்டினாள். உன் திட்டு பலிக்காது, வாயை மூடு என்றான். முட்டியப் பாத்துக்கய்யா, முட்டிதான் போச்சுன்னா மூளையுமா என்றாள். அவளுக்கு வெகு நாளைக்குப் பிறகு குளிர் தெரியவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ் வந்தபோது ஒன்பது ரன் பின்தங்கியிருந்தார்கள். அரங்கத்தில் பாதி காலி. மீதிப் பாதியும் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தது. ஸ்டான் கையைக் கோட்டுப் பையில் விட்டான். சாவி கிணுகிணுத்தது.

வெர்னா மைதானத்தையே பார்த்தாள். சொல்ல வேண்டிய வாசகம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பன்னிரண்டு வருஷப் பழக்கம். வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது: "கிளம்பு. நெரிசல் ஆயிடும்."

ஸ்டான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான். சாவி உள்ளேயே கிடந்தது.

"நான் போனதும் இவனுங்க ஜெயிச்சுத் தொலைச்சா? உன் வாய நம்ப முடியாது. பேசாம ஆட்டத்தப் பாரு."

பார்த்தார்கள். எட்டாவது முடிந்தது, ஒன்பதாவதும் முடிந்தது. மியூல்ஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கடைசி ஆள் மட்டையைச் சுற்றி, காற்றை அடித்து, தலை குனிந்து உள்ளே போனான். அந்த வரிசையில் வேறு யாருமே இல்லை.

"போச்சு," என்றான் ஸ்டான். "உன் ஒத்த வாயால ஒரு வருஷமே போச்சு. நாசமாப் போறவளே."

"நாளன்னிக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு. அதையும் தோப்பானுங்க."

"இப்பதான் ஒழுங்காப் பேசற."

அவன் எழ முயன்றான். முட்டி மடங்கியது. கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் தோளைப் பிடித்து, முழுக் கரடிக் கனத்தையும் அதன்மேல் போட்டு, உறுமிக்கொண்டே நிமிர்ந்தான்.

"என் தோளென்ன மாடிப்படிக் கட்டையா?" என்று வெர்னா சீறினாள். தோளை மட்டும் நகர்த்தவில்லை. அப்படியே படி இறங்கினார்கள். கீழே கார்களின் வரிசை அசையாமல் நின்றது. ஸ்டான் அதற்கும் அவளைத்தான் திட்டினான்.